ஆறாவது தோட்டா

இன்ஸாப்பின் துவக்கு வெடித்துச் சிதறிய செய்தி காலை ஏழு மணிக்கே சாய்ந்தமருதுத் தேநீர்க்கடைக்கு வந்துவிட்டது. முந்தின நாள் அசர் தொழுகை நேரம், வயல் வட்டையில் வேளாண்மைக்குள் இறங்கிய பன்றியைச் சுட்டிருக்கிறான். குழல் கிழிந்து இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

"வாப்பாட காலத்துத் துவக்கு. துருப்புடிச்சிக் கிடந்திரிக்கும்" என்றார் ஒருவர். எல்லோரும் ஓம் போட்டார்கள். லேத் கடை ஜவுபர் மட்டும் பிளேன்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஐம்பத்திரண்டு வயது. கல்முனையில் இயந்திரப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறவர். பிறர் எடுத்த அளவை நம்பமாட்டார். வீட்டுக் கொட்டிலில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. காவலுக்கு அரசாங்கம் தருகிற தோட்டா ஒரு போகத்துக்குப் போதாது. விவசாயிகள் சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கோதுகளைக் கொண்டுவருவார்கள்; ஜவுபர் மறுபடி மருந்து நிரப்பிக் கொடுப்பார். சுட்ட கோது சற்று உப்பிவிடும். அதைப் பழைய அளவுக்கு நெருக்குகிற அச்சை ஜவுபரே உருக்கில் கடைந்திருந்தார். அச்சை முடுக்கி, ஒரு கோதை விட்டுப் பார்த்து, மயிரிழை இறக்கி, மறுபடி பார்ப்பார். சரியாக வந்ததும் நட்டை இறுக்கி, இரண்டுக்கும் குறுக்கே சிவப்பு மையால் கோடு இழுப்பார். கோடு விலகினால் அச்சு அசைந்துவிட்டது. சட்டவிரோதம் என்று தெரியும். "என்ட கையால போனது ஒண்டும் பிழைச்சதில்ல" என்று மனைவி ஹாஜறாவின் வாயை அடைப்பார்.

இந்தப் போகம் துவக்கு மருந்து கிடைக்கவில்லை. அறுவடைக்கு இரண்டு கிழமை இருக்கையில், வட்டையில் காவலிருக்கும் றிபாத் ஒரு பையோடு வந்தான். உள்ளே, யானை விரட்ட அரசாங்கம் கொடுத்த பெரிய பட்டாசுகள், யானைவெடிகள்.

"இதுவும் மருந்துதானே காக்கா?"

எதையும் மூன்று தரம் அளக்கிறவர் அன்று, பட்டாசு மருந்து துவக்கு மருந்தைவிட வேகமாக வெடிக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஆறு தோட்டா நிரப்பினார். ஆறும் றிபாத்துக்கு. இன்ஸாப்புக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

தேநீர்க்கடையிலிருந்து நேரே கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தார். சிவப்புக் கோடு விலகவில்லை. றிபாத்தின் போன் எடுபடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

வட்டையில், காவல் பரணில் படுத்திருந்த றிபாத் எட்டிப் பார்த்தான். "என்ன காக்கா, பன்றிக்குக் காவலிருக்க ஆசையா?"

"நான் தந்த தோட்டாவ எடு."

"சுடவே இல்ல. அப்படியே கிடக்கு."

ஜவுபருக்கு மூச்சு வந்தது. றிபாத் துணிப்பையை அவிழ்த்துப் பலகையில் வைத்தான். ஐந்து இருந்தன.

"ஆறாவது?"

"நேத்து இன்ஸாப் வந்து ஒண்டு கேட்டான். குடுத்தன்."

காவல் பரணில் தோட்டா கேட்டால் இல்லை என்கிற வழக்கம் அந்த வட்டையில் இல்லை. யார் நிரப்பியது என்று கேட்கிற வழக்கமும் இல்லை.

ஜவுபரின் முகத்தைப் பார்த்து றிபாத் இறங்கி வந்தான். "துவக்குப் பழசு எண்டுதானே ஊர் கதைக்குது. உடுங்க காக்கா. வெடியக் கொண்டு வந்தவன் நான். ரெண்டு பேரும் உள்ள போகணுமா?"

ஜவுபர் ஐந்தையும் பையோடு எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இன்ஸாப்பின் கை முழங்கைவரை கட்டியிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி முஸ்பிறா.

"வெள்ளிக்கிழமதான் காக்கா துடைச்சி எண்ணெய் போட்டன்" என்றான் இன்ஸாப். "எங்க பிழை உட்டன் எண்டு யோசிச்சி யோசிச்சித் தல வெடிக்குது. எல்லாரும் துரு எண்டுதான் சொல்றாங்க."

"நீ பிழை உடல்ல."

"அப்ப யாரு?" என்றாள் முஸ்பிறா.

ஜவுபர் சொன்னார். யானைவெடியை, கோதை, ஆறு தோட்டாவை. றிபாத்தின் பெயரைச் சொல்லவில்லை. "மிச்சம் அஞ்சும் என்னட்ட இருக்கு" என்று முடித்தார்.

"அப்ப துவக்கு நல்லாத்தான் இருந்திரிக்கு" என்று இன்ஸாப் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முஸ்பிறா எழுந்து, வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் போனாள். அவர் வரும்வரை ஜவுபர் அந்த ஸ்டூலைவிட்டு அசையவில்லை.