பெயருக்குப் பின்னால் ஊர்

மலேசியாவில், ஈப்போவில் நான் காலையில் தேநீர் குடிக்கும் கடையில் ஒரு பழக்கம். வானொலியில் பாட்டு ஓடும்போது எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தால் கடை அடங்கிவிடும். யாரோ ஒரு பிள்ளைக்கு அப்பா, அம்மா, பெரியம்மா, சித்தப்பா என்று வரிசையாகப் பெயர்கள், கூடவே ஊர். எங்கள் ஊரில் பேச்சு வந்தாலே வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவோம். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து நாலு வருடமாகியும் இது எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று யாரிடமும் கேட்கவுமில்லை. கேட்டிருக்கலாம்.

பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் கடையில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இது கிடைத்ததே பெரிசு. போய்விடுமோ என்ற பயம் என்னோடு தூங்கி என்னோடு எழும். இந்த வருடம் முதலாளி சாகுல் பாயும் சில பழைய நேயர்களும் சேர்ந்து, ரப்பர் தோட்டத்து மக்களின் பெயர்களை முதன்முதலில் வானொலியில் வாசித்த அறிவிப்பாளர் ஒருவரின் நினைவாகத் தொகுப்புச் சிடி ஒன்று போட முடிவு செய்தார்கள். வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலத்தில் பதிவு செய்த கேசட்டுகள் வந்து குவிந்தன.

"பழைய நாடாடா. ஒரு தடவைதான் தாங்கும். பாத்து எடு லா" என்றார் முதலாளி.

பார்த்துத்தான் எடுத்தேன். பாட்டு வரும்போது பதிவை ஓட்டினேன். அந்த அறிவிப்பாளர் பேசும்போதெல்லாம் நிறுத்தினேன். எங்கள் ஊர் கேசட் கடையில் அப்படித்தான் செய்வார்கள்.

"ஒரு பேச்சு இல்ல முதலாளி, எல்லாம் சுத்தமா இருக்கு."

அவர் காதில் மாட்டிக் கேட்டார். கழற்றினார். "டேய், பாட்டு போன்லயே கெடக்குது லா! இந்த மனுசன் கொரல் எங்கடா?"

எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். கேசட் கொடுத்த நேயர்களில் ஒருவரான சரோஜா அக்காவுடையது மட்டும் பாதியில் சிக்கிக்கொண்டது. அதைச் சுருட்டி நேராக்கி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு நாள் தொடாமலே இருந்தேன். அக்கா நேரில் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும், பக்கத்து ஜெலாப்பாங்கில் குடியிருப்பவர், தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்ந்தவர். நடந்ததைச் சொன்னேன்.

"எங்க தம்பி மணியத்துக்கு அப்பப் பத்து வயசு. அப்பா ரேடியோவுக்குப் போட்ட கார்டுல அவன் பேரையும் எழுதினாரு. ரெண்டு மாசத்துல காய்ச்சல்ல போயிட்டான். ஒரு போட்டோகூட இல்ல. இதுல பேரு வரும், அவ்வளவுதான்."

"அறுந்துடுச்சுன்னா அக்கா?"

"பயந்தா நாடா நேராயிடுமா? போடுங்க தம்பி."

போட்டேன். "சிம்பாங் பூலாய், ஆறாங்கட்டைத் தோட்டம், இரண்டாவது டிவிஷனிலிருந்து முனியாண்டி, லெட்சுமி, சரோஜா..." குரல் தண்ணீருக்குள் இழுபட்டது. இயந்திரம் முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "...மணியம்" என்றது.

பாட்டு தொடங்கியது. இந்தத் தடவை தப்பு செய்யக்கூடாது என்று அவசரமாக நிறுத்தப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "விடுங்க லா. அவன் கேட்ட பாட்டு."

எதை எடுப்பது, எதை விடுவது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. முழுக்க எடுத்தேன்.

பிறகு சிடி அட்டையில் போட வேண்டிய பெயர்களை அக்காவே எழுதினார். தன் பெயருக்குப் பக்கத்தில் ஆறாங்கட்டைத் தோட்டம் என்று எழுதியதைப் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். ஒரு ரப்பர் மரம்கூட இல்லை.

"அது இப்ப இல்லையே அக்கா? ஜெலாப்பாங்னு போடலாமே."

"அது வீடு லா தம்பி" என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல. "உங்க பேரும் போடணும். எந்த ஊரு?"

வாய் திறந்தேன். ஊருக்குப் பேசினால், "மலேசியாக்காரன் பேசுறான்" என்று தங்கச்சி போனை அம்மாவிடம் கொடுக்கிறாள். இங்கே தேநீர்க் கடையில் என் பெயர் இந்தியாக்காரத் தம்பி. என் ஊர் அங்கேயேதான் இருக்கிறது, பேருந்து நிற்கிறது, வீட்டில் விளக்கு எரிகிறது. ஆனாலும் நாக்கில் வரவில்லை.

"அப்புறம் சொல்றேன் அக்கா."

அக்கா என் பெயரை எழுதி, ஒரு கால்புள்ளி வைத்து, இடம் விட்டார். நான் போய்ச் சொல்லவே இல்லை. அட்டை அச்சாகி வந்தது. மணியத்துக்குக்கூட அதில் ஊர் இருக்கிறது. என் பெயருக்குப் பின்னால் அந்தக் கால்புள்ளி மட்டும் நிற்கிறது.