நாலாவது தட்டு

சிகப்பி ஆச்சிக்குப் பூனைகளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜொகூர் பக்கத்துச் சிற்றூரான எங்கள் லாயாங் லாயாங்கில் இன்று யாரைக் கேட்டாலும் "பூனை ஆச்சி வீடா?" என்றுதான் வழி காட்டுவார்கள். பூனைகள் அவருடைய கணவர் தேனப்பன் செட்டியாருடையவை. ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தவர். ஆணிப் பெட்டிக்குள் குட்டி போட்ட பூனையைக்கூட விரட்டத் தெரியாத மனிதர். காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் ஆச்சி அந்தப் பூனை ரோமத்தோடு மல்லுக்கட்டினார். கடைசியில் செட்டியார் போய்ச் சேர்ந்தார், பூனைகள் மிஞ்சின.

நான் மைமூன், இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். நானும் என் வீட்டுக்காரர் உதுமானும் நெடுங்காலம் சாப்பாட்டுக்கடை நடத்தியவர்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். அதனால்தானோ என்னவோ, யாரிடமும் பேசாத ஆச்சி என்னிடம் மட்டும் பேசுவார்.

மூன்று பூனைகளுக்கும் மூன்று வியாதி. குண்டுவுக்குச் சர்க்கரை, மிளகுக்கு மூத்திரத்தில் கல். எல்லாவற்றுக்கும் மூத்தது கணக்கு. முழுப்பெயர் கணக்கப்பிள்ளை, செட்டியாரின் கடை மேசையில் உட்கார்ந்தே கிழவனானது. அதற்குக் கிட்னி போய்க்கொண்டிருந்தது. பக்கத்து டவுன் குளுவாங்கில் இருக்கும் மிருக டாக்டர் அபர்ணா மூன்றுக்கும் மூன்று விதமான சாப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்றினுடையதை இன்னொன்று தின்றால் வம்பு. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் குண்டு குளியலறையில், மிளகு துணி மடிக்கிற அறையில், கணக்கு சமையலறையில். பிடிக்காத வேலையைப் பொறுப்பாகச் செய்வதில் ஆச்சியை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பொறுப்புதான் அவரை வதைத்தது. செட்டியாருக்கும் கிட்னிதான். கடைசிக் காலத்தில் உப்பில்லாத சாப்பாடு. ஆச்சி காவல்காரர்போல நின்று போடுவார், ஒரு ஊறுகாய்த் துண்டுகூட அவரைத் தாண்டிப் போக முடியாது. ஒரு சாயங்காலம் செட்டியார் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வறுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். முடியாது என்று ஆச்சி கஞ்சியை வைத்தார். கஞ்சியைத் தொடாமல் போய்ப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

"பசியோட போயிட்டாக மைமூனு. நாந்தான் பட்டினி போட்டு அனுப்பினேன்" என்பார். அந்த நெத்திலி ஆச்சியின் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. யார் சமாதானம் சொன்னாலும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஆச்சி ஒரு தட்டு வைக்க ஆரம்பித்தார். சோறும் நெத்திலிக் கருவாட்டு வறுவலும். செட்டியாரின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. ஆச்சி பாதியாக இளைத்துப்போனார். "என் கைச்சோறு வேணாங்கறாக" என்று ஒருநாள் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. செத்தவருக்கு இத்தனை வீம்பு எதற்கு?

பிறகு ஒருநாள் ஆச்சி என் வீட்டுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தட்டு காலி. நெத்திலி ஒன்றுகூட மிச்சமில்லை. "மன்னிச்சிட்டாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தட்டு அநேகமாகத் தினமும் காலியானது, ஆச்சியும் தூங்க ஆரம்பித்தார். எனக்கு உள்ளூர நடுக்கம். அந்தி நேரத்தில் அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் வாய் தானாக ஓத ஆரம்பித்துவிடும்.

வருஷத் திவசம் வந்தது. ஊருக்குப் போய்த்தான் கொடுக்க வேண்டும், மூன்று வாரம் ஆகும். பூனைகளை என்ன செய்வது? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அஷ்வின் ஜொகூர் பாருவில் ஒரு பூனை ஓட்டலைப் பிடித்தான். அங்கே போன் எடுத்தவன், "எல்லாத்தையும் ஒண்ணா வெச்சிடலாம் ஆன்ட்டி, அதுங்களே பார்த்துச் சாப்பிட்டுக்கும்லா" என்றான். ஆச்சி படக்கென்று போனை வைத்தார். அடுத்து, வீட்டுக்கே வந்து கவனித்துக்கொள்ள அஷ்வின் அனுப்பிய பெண், பூனைகளைப் பார்த்ததும் படம் எடுத்தாள். ஆச்சி அவளை வாசலோடு அனுப்பினார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"மூணு தட்டுன்னா சரி ஆச்சி. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"நாலு" என்றார் ஆச்சி. "அவுகளுக்கும் நீதான் வைக்கணும். ஒருநாள் விட்டுப்போனாலும் மறுபடி கோவிச்சுக்குவாக."

 எங்கள் மார்க்கத்தில் இறந்தவர்களுக்காக துஆ கேட்போம், தட்டு வைக்கும் வழக்கம் கிடையாது. ஆச்சிக்கும் அது தெரியும். "தப்புன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் எந்த விமானத்திலும் ஏறமாட்டார் என்று தெரிந்தது. சரி என்றேன். இரவு உதுமானிடம் சொன்னேன். "அடுப்படியிலேர்ந்து தட்டைத் தூக்கிட்டுப் போய் மேசையில வைக்கிறதுதானே? அதத்தானே இத்தனை காலமா செஞ்ச" என்றார். மனிதர் எப்போதாவதுதான் பேசுவார், பேசினால் உருப்படியாக இருக்கும்.

ஆச்சி கிளம்பினார். முதல்நாள் அந்தியில் தட்டை வைத்துக் கதவைச் சாத்தினேன். செட்டியாரின் மூக்குக்கண்ணாடி ஜன்னலோரம் மடித்து வைத்தபடி இருந்தது. அதன் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தேன். திரும்பித் திறந்தபோது தட்டு காலி. தட்டை எடுத்துக்கொண்டு ஓட்டமாக வெளியே வந்தேன். காரைக்குடியிலிருந்து ஆச்சி போன் செய்தார். "சாப்பிட்டாகளா?" "தட்டு காலி ஆச்சி" என்றேன். அந்தப் பக்கம் ஆச்சி பெருமூச்சு விட்டது கேட்டது.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால், கணக்கின் சாப்பாடு தொடாமல் கிடக்கிறது. கணக்கைக் காணோம். சமையலறைப் பின்கதவு வெறும் கம்பிக்கதவு, அதற்குள் நுழைந்து பூனை போகும், வரும். வெளியே தின்ன எதுவும் இல்லை என்பதால் அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. "கணக்கு, கணக்கு" என்று கூப்பிட்டபடி கூடத்துக்கு வந்தேன். அப்போதுதான் சாத்திய அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. முள்ளை மெல்லுகிற சத்தம். நிதானமாக, ருசித்து மெல்லுகிற சத்தம்.

யா அல்லாஹ் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஓடினால் இந்த ஆயுளில் மறுபடி அந்த வீட்டுக்குள் வரமாட்டேன், மூன்று பூனையும் பட்டினி கிடக்கும். பிஸ்மி சொல்லிக் கதவைத் தள்ளினேன்.

முக்காலியில் கணக்கு உட்கார்ந்திருந்தது. வாயில் நெத்திலி, வறுவல் எண்ணெய் ஊறிய சோற்றிலும் பாதி காலி. அடுக்குக் கண்ணாடி ஜன்னலில் ஒரு பட்டை எப்போதோ விழுந்து சந்து விட்டிருந்தது. ஆரோக்கியமான பூனை அதற்குள் நுழைய முடியாது. கணக்கு வியாதியில் இளைத்து, அந்தச் சந்துக்குப் பொருந்துகிற அளவுக்கு வந்திருந்தது. வந்த பிறகு தினமும் உப்புக் கருவாடு தின்று இன்னும் இளைத்துக்கொண்டிருந்தது. செட்டியார் இருந்த காலத்தில் அது அந்தக் கட்டிலில்தான் படுத்துக் கிடக்கும். அதற்கும் ஆளைத் தேடியிருக்கும்.

டாக்டர் அபர்ணாவுக்குப் போன் போட்டேன். "அதனாலதான் ஒவ்வொரு தடவையும் ரத்த டெஸ்ட் மோசமா வந்திருக்கு. நான் எத்தனையோ தரம் கேட்டேன், உப்பே காட்டறதில்லன்னு ஆச்சி சத்தியம் பண்ணாங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நம்ம கையில இருந்திருக்காது" என்றார்.

மறுநாள் காலை உதுமான் வந்து ஜன்னல் இடைவெளியில் பலகை வைத்து அடைத்தார். அன்று அந்தியில் கணக்கு வெளியிலிருந்து அந்தப் பலகையைப் பிறாண்டிக்கொண்டு கத்தியது. ஆள் கூப்பிடுவது போன்ற கத்தல். தட்டு முக்காலியில் முழுசாக இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் ஆச்சி போன் செய்வார். உண்மையைச் சொன்னால் அங்கே கொடுக்கிற திவசம் அவருக்கு என்னத்துக்கு ஆகும்? பொய் சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. சோற்றைக் குப்பையில் போடும் பழக்கமும் இல்லை. பூனைகளை உள்ளே அடைத்துவிட்டு, தட்டைப் பின்மதில்மேல் கொண்டுபோய் வைத்தேன். ஏதாவது தின்னட்டும் என்றுதான் வைத்தேன், வேறு எண்ணம் இல்லை.

ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. நெத்திலியைப் பொறுக்கித் தின்றது. சோற்றை அலகால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போயிற்று. ஆச்சியின் போனுக்கு, "தட்டுல நெத்திலி இல்ல ஆச்சி" என்றேன். காக்கா மறுநாளும் வந்தது. அவர் திரும்பும்வரை தினமும் வந்தது.

ஆச்சி வந்து சேர்ந்த அன்று கணக்குக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மடியில் தூக்கிப் பார்த்து, "என்ன மாயம் பண்ணின?" என்று கேட்டார். வாய் நீளமான நான் ஒன்றும் சொல்லவில்லை. குளித்துவிட்டு அவரே நெத்திலி வறுத்தார். அறையில் தட்டை வைத்தார், கூடத்தில் உட்கார்ந்தார். எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். திரும்பி என்னைப் பார்த்த பார்வையைப் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சந்து, கணக்கு, பலகை, டாக்டர் சொன்னது, எல்லாம்.

ஆச்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவுக வரவே இல்லை" என்றார். "ஆகாதுன்னு அவுகளுக்குக் குடுக்கலை. இந்தப் பூனைக்குக் குடுத்துக் கொல்லப் பார்த்திருக்கேன்." அழக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. வெகுநேரம் கழித்து, "நான் ஊர்ல இருக்கையில தினமும் நெத்திலி இல்லைன்னியே. அது யாரு தின்னது?" என்று கேட்டார்.

"காக்கா ஆச்சி. மதில்ல வெச்சேன்."

"இந்த நேரத்துலயா? பொழுது சாஞ்சா காக்கா அடைஞ்சிடுமே."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. பொழுது சாய்ந்ததும் தொழுகைக்குக் கூப்பிடும் மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்த பிறகுதான் நான் தட்டை வைப்பேன். ஊர்க் காக்கையெல்லாம் அதற்குமுன் மரத்தில் ஒடுங்கியிருக்கும். 

மறுநாள் ஆச்சி தானே மதிலில் தட்டு வைத்தார். காக்கா வரவில்லை. அடுத்தநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "உன் கையில வாங்கிக்கிட்டாக. மாட்டேன்னு சொன்ன கையில வாங்க மாட்டேங்கறாக. நீயே வை மைமூனு."

அதெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்ல முடியவில்லை. கூடவே போனேன். பாங்கு முடிந்தது. தட்டை மதிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஆச்சி சமையலறைக் கம்பிக்கதவுக்குப் பின்னால், கணக்கைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். நெத்திலி வாசனைக்குக் கணக்கு திமிறியது. விடவில்லை.

காக்கா வந்தது. எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்தது. குனிந்து நெத்திலியைக் கவ்வியது.

"நிறைய உப்பா இருக்குமா மைமூனு?" என்று ஆச்சி மெல்லிய குரலில் கேட்டார்.

"கருவாடு ஆச்சி. உப்பில்லாம இருக்குமா?"

திமிறிய கணக்கை ஆச்சி தோளோடு அணைத்துக்கொண்டார். பிறகு, "சரி. சாப்பிடட்டும்" என்றார்.