கணியம்பாடித் தண்ணீரும் ஆவாரம்பட்டையும்

ஆம்பூரை விட்டுப் போய்விடப் போவதாக ரத்தினசாமி சொல்லாத நாளே கிடையாது. அவன் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் அவனுடையது நடு வீடு. இரண்டு பக்கத்துச் சண்டையும் பாரபட்சமில்லாமல் காதில் விழும். ஒரே அறை. பிழைப்புத் தேடி, சும்மா கொஞ்ச நாளைக்கென்று வந்த தம்பி துரைசாமி அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகளையும் பெற்றுவிட்டான். அடுப்புப் புகையும் வெளியேற வழி தெரியாமல் அவர்களோடு குடித்தனம் செய்தது.

"இது வூடா? கோழிக்கூடு" என்பான் மனைவி சவுரியம்மாளிடம். "ஒரு நாளு பாரு, உங்க அண்ணன் ஊருக்கே போய்டறேன்."

"போயேன். யாரு புடிச்சு வெச்சாங்க?" என்பாள் அவள்.

அவளுடைய அண்ணன் சின்னப்பன் கணியம்பாடியில் ஒரு பண்ணையில் வேலை பார்த்தான். ரத்தினசாமியின் பேச்சில் கணியம்பாடி ஏறக்குறைய மோட்சமாகவே இருந்தது. அவன் அங்கே போனதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மகள் பூவம்மாளுக்கு மூச்சிழுப்பு கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டாக்டரம்மா, இந்தக் கூட்டத்திலும் புகையிலும் வைத்திருந்தால் அடுத்த மழைக்குப் பிள்ளை தாங்காது, காற்றோட்டமான ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். சின்னப்பனும் ஆள் விட்டனுப்பினான். குடிசை போட இடம் இருக்கிறது, பண்ணையில் வேலையும் உண்டு, வரலாம்.

இத்தனை காலம் போகிறேன் என்றவன், இப்போது "அவசரப்படக் கூடாது, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான்.

மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு காட்பாடியில் ரயில் மாறிப் போய் இறங்கினான். வெட்டவெளி, கரும்பு, காற்று. பூவம்மாள் வரப்பின்மேல் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். சவுரியம்மாள் கை வேலையை விட்டுவிட்டு, மகளின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தாள். அப்படி ஓடியும் பிள்ளைக்கு இழுக்கவில்லை.

ரத்தினசாமி கிணற்றைப் பார்த்தான். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, மடியிலிருந்து ஆவாரம்பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து அதில் போட்டான்.

ஷாப்பில் அவனுக்கு அதுதான் வேலை. தோல் பதப்படுத்தும் தொட்டிக்கு வருகிற தண்ணீரைப் பட்டை போட்டுப் பார்ப்பான். இரும்பு கலந்த தண்ணீரானால் கறுத்துவிடும். அதில் ஊறின தோலில் கறை விழும். அவன் தலையசைத்தால்தான் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும். பழக்கம் எங்கே போனாலும் கூடவே வந்தது. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த சொம்பிலும் பட்டையைப் போட்டவன் அவன்.

கொஞ்ச நேரத்தில் கணியம்பாடித் தண்ணீர் மசி மாதிரி கறுத்தது.

"தண்ணி சரியில்ல, மச்சான்" என்றான், கவலையை முகத்தில் வரவழைத்துக்கொண்டு. அவனுக்குள் என்னவோ நிம்மதியாக இருந்தது.

"நாங்க இதைத்தான் குடிக்கிறோம்" என்றான் சின்னப்பன்.

"குடிக்கலாம். ஆனா தண்ணி சரியில்ல."

திரும்பும்போது காட்பாடியில் ரயில் மாறி உட்கார்ந்தார்கள். சவுரியம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "ஷாப்புல நீ தலையாட்டினாத்தான் தொட்டி ரொம்பும். அங்க போனா மம்முட்டிதான் புடிக்கணும். அதானே?"

"தண்ணியப் பத்திப் பேசினா நீ இன்னாத்தப் பத்தியோ பேசற" என்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்குள் நுழைந்து, துரைசாமியின் பெண்டாட்டி அடுப்பை மூட்டின சற்றைக்கெல்லாம் பூவம்மாளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ரத்தினசாமி அவளை மார்மேல் சாய்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் ஷாப்பில் மேஸ்திரி அப்துல் கஃபார் விசாரித்தார்: "இன்னா ரத்தினம், எப்போ பயணம்?"

"தண்ணி கறுக்குது, சாயபு."

கஃபார் யோசித்தார். "அங்க தோல் ஷாப்பு வெக்கப் போறியா?"

"இல்ல."

"அப்போ இன்னாத்துக்கு இந்த பேஜார்? கறை தோல்லதானே விழும். பொண்ணு மேல இன்னா விழப்போவுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரத்தினசாமி சிரிக்கவில்லை. தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். பிறகு, இனிமேல் தண்ணீர் பார்க்க யாரை வைப்பீர்கள் என்று கேட்டான். தொட்டியில் வேலை செய்கிற வீரபாகு இருக்கிறானே என்றார் கஃபார், சற்றும் தயங்காமல். அந்தப் பதில் இத்தனை சுலபமாக வந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அன்று மாலையே மூட்டை கட்டச் சொன்னான்.

கணியம்பாடியில் மண்வெட்டி பிடித்தான். மோசமாகப் பிடித்தான் என்று சின்னப்பன் சொல்வான். அடுத்த மழைக்காலம் வந்தது, போயிற்று. பூவம்மாள் நனைந்துகொண்டே திரிந்து அம்மாவிடம் அடி வாங்கினாள், அழுதாள், மூச்சு இழுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ரத்தினசாமி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுப்பான். இன்னொரு சொம்பில் பட்டையைப் போட்டுக் காண்பிப்பான்.

"இது தண்ணியா? ஆம்பூர்த் தண்ணியப் பாத்திருக்கணும் நீங்க" என்பான். பிறகு மனைவி பக்கம் திரும்புவான். "ஒரு நாளு பாரு, அங்கேயே போய்டறேன்."

"போயேன்" என்பாள் சவுரியம்மாள். அவன் நீட்டுகிற காலிச் சொம்பை வாங்கி, மறுபடியும் நிரப்பிக் கொடுப்பாள்.