டெரக் கேட்காத கவிதைகள்

கடலோரச் சுவரின் இரும்புக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே நடக்கிறார் ட்ரெவர் ஹெசல்டின். நாலு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு தட்டு. மனதுக்குள் கட்டும் கவிதை வரி சரியாக விழாவிட்டால் இருபதடி திரும்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பிப்பார். இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் இதை இப்போது யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. மீன் வறுவல் கடை மோரீன் மட்டும் வாயைக் கிளறுவாள்.

"என்ன ட்ரெவர், இன்னிக்கு வலையில என்ன மாட்டுச்சு?"

"ரெண்டு வரி. அதுலயும் ஒண்ணு குஞ்சு. திருப்பி விட்டுட்டேன்."

வயது அறுபத்திரண்டு. ஒல்லியான புத்தகங்கள் நாலு. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கவிதை எழுத வைப்பதுதான் பிழைப்பு. பேனா கசிந்த கறை இல்லாத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது.

முன்பெல்லாம் எதை எழுதினாலும் முதலில் நண்டு பிடிக்கும் அண்ணன் டெரக்கிடம் சொல்லிக் காட்டுவார். முப்பது வருஷப் பழக்கம். நண்டுக் கூண்டுகளைச் சரி செய்தபடியே டெரக் காது கொடுப்பார், தலை நிமிராது. "ரெண்டாவது வரியில புளுகுற. மார்ச் மாசம் கடல் அந்த நிறத்துல இருக்காது." மனுஷன் ஜென்மத்தில் ஒரு கவிதைப் புத்தகம் வாங்கியதில்லை. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அப்பா செத்த வாரம், படகுக் கொட்டகையில் அப்பாவின் கம்பளிச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு டெரக் அழுததைக் கதவிடுக்கில் ட்ரெவர் பார்த்துவிட்டார். பார்த்ததோடு போயிருக்கலாம். கவிஞராயிற்றே, விடுவாரா? எழுதினார். அண்ணனிடம் சொல்லிக் காட்டாமல் அனுப்பிய ஒரே கவிதை அது. வானொலியில் வந்தது, துறைமுகமே கேட்டது. மறுநாள் டெரக்கின் படகில் எவனோ ஒரு கைக்குட்டையைக் கட்டி வைத்திருந்தான். ட்ரெவர் எழுதியதிலேயே நல்ல கவிதை அதுதான் என்பது இன்னொரு கொடுமை.

"அழுதது நான்டா. அத ஊருக்கெல்லாம் கூவி வித்தது நீ," என்றார் டெரக்.

அதோடு பேச்சு நின்று ஆறு வருஷம். மன்னிப்புக் கேட்டுப் போட்ட கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. வாசகர்கள் பாராட்டாமல் இல்லை. ஆனாலும், புளுகுகிறாய் என்று சொல்ல ஆளில்லாமல் எந்தக் கவிதையும் அவருக்கு முடிந்த மாதிரியே இல்லை. அவருக்கு அண்ணன் வேண்டும், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நூலகத்தில் அவருடைய கவிதை வாசிப்பு. பதினோரு பேர், தேநீர், பிஸ்கட். ட்ரெவர் எழுந்து நின்ற நேரம் டெரக்கின் மனைவி ஜூன் உள்ளே வந்து அவர் காதோரம் குனிந்தாள்.

"வெளிய வேன்ல இருக்காரு. நான் கூப்பிடல, அவராத்தான் வண்டிய எடுத்தாரு. உள்ள வரமாட்டாராம். ஜன்னல் மட்டும் திறந்திருக்கு."

பதினோரு பேரையும் அப்படியே விட்டுவிட்டு ட்ரெவர் வெளியே வந்தார். வேன் உறுமிக்கொண்டிருந்தது. டெரக் ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ட்ரெவர் ஜன்னலோரம் நின்று புதுக் கவிதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் முதல் வரி அவருக்கே கேட்கவில்லை.

டெரக் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, இன்ஜினை அணைத்தார்.