ஸ்ரெல்லாவின் இடக்கை

“இல்லை அண்ணை, கை நோகாது. ஒரு சொட்டும் நோகாது.”

கை நோகிறதா என்று நான் கேட்கவில்லை. என் மனைவி குணலட்சுமியும் கேட்கவில்லை. உள்ளறையில் கிடந்த பேத்தி கேட்டிருக்க வழியில்லை, அவள் பிறந்து கொஞ்ச நாள்தான். ஆனாலும் ஸ்ரெல்லா பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் விறாந்தையில், பிளாஸ்ரிக் கதிரையில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, முன்னால் இருந்த ஒற்றை டிரம்மின் வெள்ளைத் தோலில் இரண்டு கம்பிப் பிறஷ்களால் சர் சர் என்று தேய்த்துக்கொண்டு. “நோகுதெண்டால் நான் பிழையாய்ப் பிடிக்கிறன் எண்டு அர்த்தம். ஆனபடியால் நோகாது.” சொல்லிவிட்டு இடக்கையை உதறினார். நன்றாக நொந்திருக்க வேண்டும்.

நல்லூரில் எங்கள் ஒழுங்கைப் பக்கம் வந்தவர்களுக்கு ஸ்ரெல்லாவைத் தெரியாமல் இருக்காது. பெண்களுக்கு ஸ்கூட்டி ஓடப் பழக்குகிறவர். வயது நாற்பத்தேழு. மெல்லிய உடம்பு, பெரிய தொண்டை. காலை ஆறு மணிக்கே அந்தத் தொண்டை வேலை தொடங்கிவிடும். “ஹாண்டில் ஓடிப்போகாது பிள்ளை! ஏன் அதின்ரை கழுத்தை நெரிக்கிறீர்?” “மதிலைப் பாக்காதேங்கோ டொக்டர், மதிலைப் பாத்தால் மதிலுக்குத்தான் போவியள்!” ஆசிரியைகள், தாதிமார், கலியாணம் பேசி முடிந்த பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஒரு தபாலதிபர், எல்லோரும் இந்தத் தொண்டைக்குக் கீழே சைக்கிளை விட்டு ஸ்கூட்டிக்கு மாறியவர்கள். விழுந்தவர்களுக்குக் கொடுக்கவென்று காற்சட்டைப் பையில் எப்போதும் இரண்டு ரொபி மிட்டாய் வைத்திருப்பார். விழாதவர்கள் கேட்டால் கொடுக்கமாட்டார்.

ஒரு மாணவி வரப் பிந்தினால் ஸ்கூட்டியின் சிக்னல் விளக்கைப் போட்டுவிடுவார். அது டிக் டிக் என்று அடிக்க, அந்த அடிக்கு விரல்களால் இருக்கையில் தட்டிக்கொண்டு நிற்பார். ஒருமுறை அப்படித் தட்டித் தட்டிப் பற்றறியே இறங்கிவிட்டது. மாணவியின் முதல் பாடம் ஸ்கூட்டியைத் தள்ளுவதாக முடிந்தது.

டிரம்ஸ் எப்படி வந்தது என்று கேட்டால் நீண்ட கதை சொல்லமாட்டார். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியத்தில் சைட் டிரம் அடித்தவர், பிறகு தேவாலயத்தில் அடித்தவர். ஒரு நாள் போனில் யாரோ ஒரு கிழவர் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு தடிகளை விட்டுவிட்டுக் கம்பிப் பிறஷ்களால் ஜாஸ் வாசிப்பதைப் பார்த்தாராம். “அடிக்கேல்லை அண்ணை, அந்தாள் தடவிக்கொண்டிருக்குது. ஆனால் காலைச் சும்மா வைச்சிருக்கேலாமல் கிடக்கு.” கனடாவில் இருக்கும் தமக்கை சொக்லேற் பார்சலுக்குள் வைத்து ஒரு சோடி பிறஷ் அனுப்பினார். சொக்லேற் உருகி ஒன்றில் ஒட்டியிருந்தது. அதைக் கழுவாமலே முதல் நாள் வாசித்தாராம்.

அந்த டிரம் எங்கள் விறாந்தைக்கு வந்ததற்குக் காரணம் இரசாயனவியல். ஸ்ரெல்லா வாடகைக்கு இருக்கும் அறையின் மறுபக்கச் சுவர் ஒரு ரியூசன் சென்ரருடையது. அங்கே படிப்பிக்கும் வாத்தியார் வந்து, “அக்கா, நீங்கள் வாசிக்கத் தொடங்கினால் பெடியள் சமன்பாட்டை விட்டுட்டு மேசையிலை தாளம் போடுறாங்கள்” என்று கும்பிட்டுக் கேட்டார். அன்று பின்னேரமே நான் என் ஓட்டோவோடு போய் டிரம்மை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

மகள் கீர்த்திகாவுக்குப் பிள்ளை பிறந்தபோது, இனி இதை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பேத்தி வேறு மாதிரி நினைத்தாள். பேத்தியைப் பற்றி எழுதத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன், எழுத வந்தது ஸ்ரெல்லாவைப் பற்றி. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தொட்டில் ஆட்டியும் தாலாட்டியும் தூங்காத பிள்ளை, அந்தச் சர் சர் கேட்டதும் வாயைச் சிறிது திறந்தபடி, உலகத்தில் வேறு எந்தப் பிள்ளையும் அவ்வளவு வடிவாக வாயைத் திறந்திருக்காது, அப்படியே தூங்கிவிடுவாள். பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு என்று சொந்தக்காரர் ஒருவரும் வீட்டுப் படி ஏறாத நாட்கள் அவை. “எனக்கு உந்தத் துடக்கொண்டும் இல்லை அக்கா, நான் வாறன்” என்று ஸ்ரெல்லா மட்டும் தினமும் வந்தார். குணலட்சுமிக்கு அது பெரிய ஆறுதல்.

இப்போது நதானியேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற வங்கி மனேஜர். கீபோட் வாசிப்பவர். கொழும்புத்துறையில் கடல்நீரேரிப் பக்கம் ஒரு விடுதி இருக்கிறது. அங்கே சனிக்கிழமைகளில், பொழுதுபடும் நேரம், வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கு ஜாஸ் வாசிப்பார்கள். நதானியேல், பேஸ் கிற்றாருக்கு அவருடைய மைத்துனர் சிமியோன், டிரம்ஸுக்கு ஸ்ரெல்லா. ஸ்ரெல்லாவுக்குக் கிழமையில் மற்ற நாட்கள் எல்லாம் அந்தச் சனிக்கிழமையை நோக்கித்தான் ஓடும்.

மெதுவான பாட்டுகளில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசியில் வாசிக்கும் கெதிப் பாட்டில்தான் வில்லங்கம். அதை அவரே எனக்கு விளங்கப்படுத்தினார். “மெதுவாய் வாசிக்கேக்கை இடக்கை வட்டம் போடும், கூழ் கிண்டுற மாதிரி. வலக்கை மேலாலை தட்டிக்கொண்டு போகும். கெதியாய் வாசிக்கேக்கை வட்டம் போட எங்கை நேரம்? சின்னனாய், பக்கத்துக்குப் பக்கம், மேசையிலை தூசி துடைக்கிற மாதிரிப் போகோணும். எவ்வளவு கெதியோ அவ்வளவு மெல்லமாய்ப் பிடிக்கோணும்.”

“அப்ப பிடியுமன்” என்றேன்.

“பிடிச்சால் ஏன் உங்களோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன்?”

கெதி கூடக் கூட அவருடைய இடக்கை பிறஷை இறுக்கிப் பிடித்துவிடும். இறுக்கினால் கை விறைக்கும். விறைத்தால் பாட்டு முழுவதும் மேட்டில் ஏறும் லொறி மாதிரி இழுபடும். காலையில் மாணவிகளுக்குச் சொல்வதை உமக்கே சொல்லிப் பாரும் என்று ஒருநாள் சொன்னேன். “சொல்லிப் பாத்தனான் அண்ணை. இந்தக் கை என்ரை சொல்லுக் கேக்காது. இதுக்கு எல் போட் கட்டித்தான் விடோணும்.”

நதானியேல் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெட்டி வாங்கினார். சாப்பாட்டுப் பெட்டி அளவில் இருக்கும். பட்டனை அமத்தினால் டிரம்ஸ் தன்பாட்டில் வாசிக்கும், எவ்வளவு கெதி வேண்டுமோ அவ்வளவு கெதியில். “இது ரீயும் கேளாது, கோவமும் வராது” என்று ஸ்ரெல்லாவுக்கே காட்டிச் சிரித்தாராம். வருகிற சனிக்கிழமை கெதிப் பாட்டை உம்மோடு இன்னொருக்கால் வாசித்துப் பார்க்கிறேன், இழுபட்டால் அதற்குப் பிறகு பெட்டிதான் என்றும் சொல்லிவிட்டார்.

“இண்டைக்குக் கெதிப் பாட்டுக்குப் பெட்டி” என்றார் ஸ்ரெல்லா. “நாளைக்கு எல்லாப் பாட்டுக்கும் பெட்டி. பேந்து நான் என்னத்துக்கு அங்கை? ரீ ஊத்தவோ?” அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு. ஐயர் வருவதற்கு முன் வீட்டில் உள்ளது எல்லாம் கழுவித் துடைத்திருக்க வேண்டும். குணலட்சுமி இருட்டோடு எழும்பித் திரைச்சீலை, பாய், சட்டி பானை, சுளகு, கதிரை என்று ஒன்றையும் விடவில்லை. நான் கிணற்றடியில் தண்ணீர் அள்ளியே களைத்துவிட்டேன். ஐயர் வந்து தண்ணீர் தெளித்துப் போனார். பேத்தியின் தலையை வழித்தார்கள். மொட்டைத் தலையோடு அவள், சரி, அதை விடுவோம்.

மதியம் தாண்டியதும் ஸ்ரெல்லா டிரம்மை எடுக்க வந்தார். குணலட்சுமி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். “வாரும் ஸ்ரெல்லா, வந்து பாரும்! பிள்ளையின்ரை தலையும் மினுங்குது, உம்மடை மேளமும் மினுங்குது. என்ன ஊத்தையடியப்பா! சட்டி மினுக்கிற கம்பித் தும்பாலை தேய்ச்சுத் தேய்ச்சு என்ரை கை ஓஞ்சு போச்சு.”

டிரம்மின் தோல் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தத் தோல் உண்மையில் பிளாஸ்ரிக்தான். அதன் மேலே சொரசொரவென்று வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். அந்தச் சொரசொரப்பில் கம்பி உரசித்தான் சர் என்ற சத்தம் வருகிறது. பூச்சில் படிந்திருந்த சாம்பல் நிறக் கோடுகளை என் மனைவி ஊத்தை என்று நினைத்துப் பூச்சையே உரித்து எடுத்துவிட்டார்.

ஸ்ரெல்லா பிறஷை எடுத்து ஒருமுறை தேய்த்தார். சத்தம் இல்லை. மழை ஈர றோட்டில் ரயர் வழுக்குவது போல் கம்பி வழுக்கிக்கொண்டு போனது.

“அக்கா,” என்றார் மெல்ல. “அது ஊத்தை இல்லை அக்கா.”

குணலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. “ஐயோ, பழுதாக்கிப் போட்டனோ? புதுசு வாங்கேலாதோ?”

“கொழும்பிலைதான் எடுக்கோணும். இனி எடுத்தாலும் நாளைக்குத்தான் பஸ்ஸிலை வரும்.” தோலை விரல் நுனியால் ஒருமுறை தடவினார். பிறகு, “நீங்கள் அழாதேங்கோ அக்கா. துடக்குக் கழிஞ்ச நாளிலை அழக்கூடாது” என்றார். அப்படி ஒரு விதி எங்களுக்கே தெரியாது.

முற்றத்துக்கு இறங்கினார். கையில் இன்னும் பிறஷ்கள் இருந்தன. கழுவின சாமான்கள் எல்லாம் வெயிலில் காய்ந்தன. போகிற போக்கில் ஒவ்வொன்றிலும் பிறஷால் உரசிப் பார்த்தார். பாய், சத்தமில்லை. சட்டி, கரகரத்தது. பிறகு அரிசி புடைக்கும் சுளகு. பனையோலைப் பின்னலில் கம்பி பட்டதும் சர் என்றது. ஸ்ரெல்லா நின்றுவிட்டார். திரும்ப உரசினார்.

“அண்ணை, கயிறு ஏதும் கிடக்கோ?”

சுளகை டிரம்மின் மேல் வைத்து, ஓட்டோவில் சாமான் கட்டும் றப்பர் பட்டியால் இறுக்கிக் கொடுத்தேன். ஸ்ரெல்லா வாசித்துப் பார்த்தார். மெதுவாக வாசிக்கும்போது நன்றாகவே இருந்தது. கெதியாகப் போனதும் கம்பி ஓலைக்கண்ணில் சிக்கிக் கொழுவி நின்றுவிட்டது. கழற்றினார், திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் கொழுவியது. “சீ, சனியன்!” மூன்றாம் தரமோ நான்காம் தரமோ கொழுவிய பிறகு, கோபத்தில் கையைத் தளர்த்தி ஏனோதானோ என்று தேய்த்தார். கொழுவவில்லை. இன்னும் கெதியாகத் தேய்த்தார். கொழுவவில்லை. அழுத்தினால்தான் ஓலை பிடித்துக்கொள்கிறது, தொட்டும் தொடாமலும் போனால் விடுகிறது. ஸ்ரெல்லா என்னைப் பார்த்தார். உள்ளே அழுதுகொண்டிருந்த பேத்தி பேசாமல் இருந்துவிட்டாள்.

பின்னேரம் என் ஓட்டோவில்தான் போனோம். டிரம், சுளகு, ஸ்ரெல்லா. விடுதி முற்றத்தில் நதானியேல் கீபோட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் அந்தப் பெட்டி. சுளகைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“என்ன ஸ்ரெல்லா, நெல்லுப் புடைக்கவோ வந்தனீர்?”

“ஓம் அண்ணை. நீங்கள் வாசிக்கிறதிலை உமி கிடந்தால் புடைச்சு விடுறன்.”

சிமியோன் சிரித்து, கிற்றாரின் சுருதியைக் குழப்பிவிட்டார்.

மெதுவான பாட்டுகள் போயின. வெளிச்சம் மங்க, கடைசியாகக் கெதிப் பாட்டு. நதானியேல் காலால் தட்டி எண்ணினார். வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டி எண்ணினாரோ தெரியாது. ஸ்ரெல்லாவின் வலக்கை தட்டத் தொடங்கியது. இடக்கை சுளகில் பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னதாகப் போனது. தூரத்தில் இருந்து பார்த்தால் கை நடுங்குகிறது என்றுதான் நினைப்பீர்கள்.

பாதிப் பாட்டில் கம்பி கொழுவியது. ஒரு அடி விழவில்லை. நதானியேலின் கை கீபோட்டை விட்டுப் பெட்டிப் பக்கம் போனது. விரல் பட்டனுக்கு மேலே நின்றது. ஸ்ரெல்லா இடக்கையை இழுக்கவில்லை, இறுக்கவுமில்லை. அந்தப் பிறஷைக் கொழுவியபடியே விட்டு வலக்கையால் மட்டும் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனார். கெதி குறையவில்லை. பிறகு இடக்கை தானாக, அவசரப்படாமல், கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. நதானியேலின் விரல் இன்னும் கொஞ்ச நேரம் பட்டனுக்கு மேலேயே நின்றது. பிறகு அந்தக் கையும் கீபோட்டுக்கு வந்துவிட்டது. அவருக்கு அதன் பிறகு இரண்டு கையும் தேவைப்பட்டது.

முடிந்ததும் வெள்ளைக்காரச் சோடியொன்று எழும்பி நின்று கை தட்டியது. சிமியோன், “எனக்கு மூச்சு வாங்குதடாப்பா” என்று கதிரையில் விழுந்தார். நதானியேல் குனிந்து சுளகை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். பிறகு ஸ்ரெல்லாவோடு அதைப்பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் நான் முந்தி வந்துவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் ஆராதனை முடிய ஸ்ரெல்லா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒன்றுமில்லை.

“எங்கையடியப்பா என்ரை சுளகு?” என்றார் குணலட்சுமி.

“நதானியேல் அண்ணை தாறாரில்லை அக்கா. அடுத்த சனிக்கும் வேணுமாம், தானே கவனமாய்க் கொண்டு வாறாராம். நான் உங்களுக்குப் புதுசு வாங்கித் தாறன்.”

“அப்ப அந்தப் பெட்டி?” என்று நான் கேட்டேன்.

ஸ்ரெல்லா பேத்தியின் மொட்டைத் தலையை இடக்கையின் ஒரு விரலால், தொட்டும் தொடாமலும் தடவினார்.

“அது இனி வீட்டிலை நிக்கட்டாம் அண்ணை. தூக்கச் சரியான பாரமாம்.”