வலைத்திடல்

முதலியார்பேட்டையில் நான் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ளும் கடையில், போன வாரம் புட்டியைத் திறந்ததும் அமோனியா நெடி ஏறியது. "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா" என்றாள் கடைப்பெண். பொறுப்பதாவது! நரையை மறைக்கப் போன எனக்கு என் முதல் வேலையின் வாசனையே திரும்பக் கிடைத்திருந்தது.

அப்போது நகரமைப்பு அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். நகலெல்லாம் அமோனியா ஆவியில்தான் எடுப்போம். மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அதுவும் ஒரு சௌகரியம்தான்.

எங்கள் தலைமை வரைவாளர் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துக்காரர். பிரெஞ்சில் 'ஐயா' என்று கூப்பிடுவதுபோல, எல்லாருக்கும் அவர் முசே. கடலை நோக்கி நேர்கோடாக ஓடும் நம் தெருக்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

ஒருநாள் டில்லியிலிருந்து, கடலோர மீனவர் குப்பமான குருசுக்குப்பத்துக்கு ஒரு திட்டம் வந்தது. குடிசைகளை எடுத்துவிட்டு நாலு மாடிக் குடியிருப்பு. மலையூருக்கும் பாலைவன ஊருக்கும் போன அதே படம். அதை எங்கள் ஊர் வரைபடத்தில் பொருத்துவது மட்டுமே என் வேலை. பொருத்தினேன். வலை காயும் மணல்வெளி முழுக்கக் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. அந்தக் குப்பத்தில் அன்று சைக்கிளே சிலரிடம்தான் இருந்தது.

முசேயிடம் காட்டினேன்.

"அப்ப பாரீஸ்லேர்ந்து கோடு போட்டான், இப்ப டில்லிலேர்ந்து போடுறான். நீ எதுனா பேசினா வேலை போயிடும், பாத்துக்க."

டில்லி அதிகாரி வந்தபோது, பீச் ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அதே காரில் நானும் இருந்தேன். குப்பத்துப் பக்கம் கைகாட்டி டிரைவரிடம், "அண்ணே, வடக்கால போங்க" என்றேன். முன்சீட்டிலிருந்த முசே திரும்பிப் பார்த்தார்.

படகுகள் கரையேறியிருந்தன. அங்கே மீன் பிரித்துக்கொண்டிருந்த, எங்கள் தெருவுக்கு மீன் விற்க வரும் அஞ்சலை அக்காவிடம், மாடிவீடு வரப்போகிறது என்றேன்.

"வரட்டும், நல்லதுதான். வலைய நாலாவது மாடியிலயா காயப்போடுறது? சார கேட்டுச் சொல்லு பாப்பா."

என் ஓட்டை இங்கிலீஷில் அதிகாரியிடம் கேட்டேன். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, விரித்துக் கிடந்த வலையோரமாக மணலில் நடந்தார். அதன் கடைசிவரை போய்த் திரும்பி வந்து, "வேறு படம் வரைய முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை நோக்கி வந்தது என்பது புரியவே எனக்குச் சற்று நேரமாயிற்று.

அந்த வாரம் முழுக்க வரைந்தேன். வரிசையாக ஒற்றை மாடி வீடுகள், கடலைப் பார்த்துத் திறக்கும் சந்துகள், நடுவில் வெளி. அந்த வெளிக்கு டில்லியின் வரைபடச் சொற்களில் பெயரே இல்லை. வலைத்திடல் என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன். ஒப்புதலாகி வந்த படத்தில் அந்தச் சொல் அப்படியே இருந்தது. முசே எல்லாரையும் கூப்பிட்டார்.

"வந்து பாருங்கப்பா. டில்லி முத்திரைக்குப் பக்கத்துல நம்ம பொண்ணு கையெழுத்து."

அன்று பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். இன்றும் அந்தத் தெருவில் நடந்தால் முதுகு தானாக நிமிர்கிறது. வீடுகள் நிற்கின்றன, சந்துகளில் காற்று வருகிறது.

மணலைத்தான் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அஞ்சலை அக்கா இல்லை, முசேயும் இல்லை. இப்போது திட்டங்கள் கம்ப்யூட்டரில் வந்து இறங்குகின்றன; படம் பிசகென்றால், நாம் காரில் ஏற்றிக் கரைக்குக் கூட்டிப்போய்க் காட்ட அங்கிருந்து ஓர் அதிகாரியும் வருவதில்லை.