விழுந்தால் யார் இறக்குவது

காலை ஏழரை மணிக்கு, புல்லில் உறைபனி கிடக்கும் பைன் காட்டுக்குள் எங்களை வரிசையாக நிறுத்தி, மேஸ்திரி யுர்கன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார். "இன்றைக்கு நீ விழுந்தால் உன்னை யார் இறக்குவது?" கயிற்றில் தொங்கினால் ஏறிவந்து இறக்கப் போகிறவர் பெயரை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்லாதவன் மரத்தில் கை வைக்க முடியாது. முதல் நாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் திருச்சுழிப் பக்கத்தில் புளி உலுக்க ஏறப் போகிறவனிடம் எவனாவது இப்படிக் கேட்டிருந்தால் செருப்பு பிய்ந்திருக்கும். மரத்தடியில் 'விழுந்தான்' என்ற சொல்லையே நாங்கள் எடுக்க மாட்டோம். 'எறங்கிட்டான்' என்போம். முதுகு ஒடிந்து கிடந்தாலும் இறங்கினவன்தான். "காலங்காத்தால வாயக் கழுவுய்யா" என்று தமிழில் முணுமுணுத்தேன். என்ன சொன்னாய் என்று கேட்டார். சாமி கும்பிட்டேன் என்றேன். உடனே தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் கும்பிட்டு முடிக்கட்டும் என்று காத்து நின்றார். பிறகு நான் வழக்கப்படி பூட்ஸைக் கழற்றி, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். பூட்ஸ் கடிக்கிறது போலும் என்று நினைத்து, மறுநாள் ஒரு அளவு பெரிய ஜோடி கொண்டுவந்து கொடுத்தார்.

என் மனைவி செல்வி இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் பின்னாலேயே ஜெர்மனிக்கு வந்தவன் நான். பார்சல் குடோனில் இரண்டு குளிர்காலம் பெட்டி தூக்கிவிட்டு, மரம் ஏறத் தெரியும் என்ற ஒரே தகுதியில் இந்த வேலைக்கு வந்தேன். பனைமர உயரத்துக்கு மேலே போய், பைன் காய்கள் வெடித்து விதை பறப்பதற்கு முன் அவற்றைக் கையால் திருகிப் பைக்குள் போட வேண்டும். நாற்றங்காலுக்கு விதை அதிலிருந்துதான். காய் கிளை நுனியில்தான் இருக்கும். உலுக்கினால் விழாது. இடுப்பு வாரில் இரண்டு கொக்கிக் கயிறு. ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றக் கூடாது. மாட்டியதும் 'கெஸிஷர்ட்' என்று கீழே சத்தம் கொடுக்க வேண்டும். பத்திரமாகக் கட்டியாச்சு என்று அர்த்தம். கீழே நிற்பவர் அதையே திருப்பிச் சொல்வார்.

மூன்றாம் நாள், கைக்கு எட்டாத ஒரு கொத்துக்காக இரண்டு கொக்கியையும் கழற்றிவிட்டேன். ஒரு நொடிதான். யுர்கன் பார்த்துவிட்டார். கத்தவில்லை. இறங்கச் சொல்லி, வேனில் உட்காரவைத்து டீ ஊற்றிக் கொடுத்தார். "உனக்கு வீட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்டார். வேலையை விட்டு அனுப்பும் காகிதத்தில் எழுதக் கேட்கிறார் என்று நினைத்து, செல்வி, ஊரில் அக்கா பேச்சி, சோலை மச்சான், தம்பி முருகன் என்று ஒப்பித்தேன். "இத்தனை பேரா?" என்றார். அன்று முழுக்க என்னை ஏறவிடவில்லை.

அந்த வேனுக்குள் வைத்துத்தான் எனக்குக் கோபம் ஊர்ப்பக்கம் திரும்பியது, யுர்கன் மேல் இல்லை. சோலை மச்சான் அக்காவின் வீட்டுக்காரர். பாலவனத்தம் ரோட்டுப் புளிய மரங்களைக் குத்தகை எடுத்தவரிடம் நானும் அவரும் ஒன்றாகப் புளி உலுக்கினோம். நான் கிளம்புவதற்கு முந்தின மாசியில் அவர் இறங்கினார். இடுப்பெலும்பு நொறுங்கியது. குத்தகைக்காரர் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, "பாத்து ஏறிருக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே வேறொருவரை அதே மரத்தில் ஏற்றினார். அக்கா, "நேரஞ் சரியில்ல" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நேரமாவது மண்ணாவது! ஒரு மரத்துக்கு ஒரு கயிறு வாங்கிப் போட வக்கில்லாதவர்கள் நேரத்தைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். இந்தக் காட்டில் ஒரு அணில்கூட விழுந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அதே குத்தகைக்காரரிடம் தம்பி முருகன் ஏறுகிறான். அதனால்தான் விடுப்பில் ஊருக்குப் போன பாளையம்பட்டிக்காரர் ஒருவரிடம் இடுப்பு வார், கொக்கிக் கயிறு, தலைக்கவசம் எல்லாம் கொடுத்தனுப்பினேன். போன வாரம் முருகன் போட்டோ அனுப்பினான். புளிய மரத்தில், வாரைப் போட்டுக்கொண்டு, கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கிறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யுர்கனிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, விரலை வைத்து ஏதோ சொன்னார். தம்பியைப் பாராட்டுகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி காட்டினார். கயிறு தம்பியின் இடுப்பிலிருந்து நேராகத் தொங்கியது. கொக்கி எதிலும் மாட்டவில்லை.

அங்கேயே நின்று போன் போட்டேன். ஊரில் சாயங்காலம். வேலை முடிந்திருக்கவில்லை.

"போட்டோவுக்குப் போட்டதுண்ணே. அதக் கட்டிக்கிட்டு அங்கிட்டு இங்கிட்டு நகர முடியல. புளி பொறக்குற பொம்பளைக வேற சிரிக்கிறாக. சீமைல இருந்து கடிவாளம் வந்துருக்கோன்னு குத்தகைக்காரரு கேக்காரு."

"சிரிச்சா சிரிக்கட்டும்லே."

"ஒனக்கென்ன, நீ அங்க இருக்க. இங்க ஏறுறவன் நான்தான? இத்தன வருசமா ஏறுறோம். எறங்குனது சோலை மச்சான் மட்டுந்தான். அதுவும் அவுக கால் வழுக்கி."

இத்தனை வருடம் குத்தகைக்காரரைத் திட்டியதெல்லாம் எதை மறைக்க என்று எனக்குத் தெரியும்.

"கால் வழுக்கலடா. அன்னைக்கு மச்சான் கெணத்துக் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு ஏற வந்தாக. நான்தான், தொட்டில் கட்டித் தூங்கப் போறீகளா மச்சான்னு கேட்டேன். பொம்பளைக எல்லாம் சிரிச்சாக. அவுத்து சைக்கிள்ல மாட்டிட்டு ஏறுனாக. அவுக எறங்கலடா. விழுந்தாக. என்னாலதான் விழுந்தாக."

மறுமுனையிலிருந்து வேறு குரல் வந்தது. மச்சான். ஏற முடியாமல் போனதிலிருந்து அவர் மரத்தடியில் மூடைகளுக்குக் காவல் இருக்கிறார். முருகன் ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறான்.

"மாப்ளே."

"மச்சான்."

"நீ சிரிச்சது எனக்கு மறந்தா போச்சு? என்னைக்காவது சொல்லுவியான்னு பாத்தேன். ஒங்க அக்காகிட்டகூட நான் சொல்லல."

நான் அழுதேன். யுர்கன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல. இந்தக் கொக்கிய எங்க மாட்டணும், அதச் சொல்லு. ஏலே முருகா, இங்க வா. எவன் சிரிக்கிறான்னு நான் பாக்கேன்."

வீடியோவுக்கு மாறிச் சொன்னேன். நான் போனைப் பிடித்துக்கொள்ள, யுர்கன் தன் கயிற்றை எடுத்து, பைன் மரத்தைச் சுற்றி, கொக்கியை மாட்டி, இழுத்துக் காட்டினார். தாங்கிய தடியை மரத்தில் சாய்த்துவிட்டு, மச்சான் அதையே தம்பியின் இடுப்பிலும் புளியங்கிளையிலும் செய்தார். ரெண்டாவதும் மாட்டு என்றார். முருகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டினான். நாளைக்கு மாட்டுவானா என்று எனக்குத் தெரியாது. "இவன் சத்தங் குடுக்காம நான் மரத்தடிய விட்டு நகர மாட்டேன்" என்று மச்சான் சொல்லிவிட்டு வைத்தார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மறுபடி ஏறினேன். உச்சிக்குப் போய், முதல் கொக்கி, இரண்டாம் கொக்கி. வாயில் வந்தது ஜெர்மன் இல்லை. "கட்டியாச்சு" என்று கத்தினேன். கீழே இருந்து யுர்கன், "கெஸிஷர்ட்" என்று பதில் கொடுத்தார். அது கேட்ட பிறகும் நான் காய் பறிக்கத் தொடங்கவில்லை. கிளையைப் பிடித்துக்கொண்டு, பாலவனத்தம் ரோட்டிலிருந்து வர வேண்டிய இன்னொரு சத்தத்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.